மூன்று சென்டிமீட்டர்

அன்று காலை என் தம்பி வீட்டை விட்டுப் படுத்தபடியே கிளம்பினான்.

இட்லியையும் படுத்தபடியேதான் தின்றான். நான் பிட்டுப் பிட்டு வாயில் வைத்தேன். சட்னி கன்னத்தில் வழிந்து காதுக்குள் போயிற்று. சிரித்தால் புரையேறும், புரையேறினால் எழுந்து உட்கார வேண்டிவரும் என்று பயந்து கண்ணை மட்டும் உருட்டினான். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவன் நிற்கவில்லை. நிற்க நிற்க முதுகெலும்பு அழுந்தி ஆள் குறைவான், படுத்துக் கிடந்தால் கொஞ்சம் நீளுவான் என்பது போலீஸ் தேர்வுக்குப் போகிற பையன்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தேர்வு மைதானத்துக்குப் படுத்தபடியே போய், அளக்கிற கம்பத்தின் முன்னால்தான் எழுந்து நிற்க வேண்டும்.

பக்கத்து வீட்டு சரசு வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னா ரத்தினபாய், எருமை மாட்டு வயசுல தம்பிக்கு ஊட்டினு கீற. தொட்டில் கட்டலியா?"

"நாளைக்கு யூனிபார்ம் போட்டுகினு வருவேன். உன் வூட்டு முன்னாடி நின்னா நீ சல்யூட் அடிக்கணும் சரசக்கா," என்றான் ஏசுபாதம் கூரையைப் பார்த்தபடி.

"நீ மொதல்ல எழுந்து நில்லு. அப்பால அடிக்கிறேன்."

வாசலில் துரையின் மூன்று சக்கர மீன்பாடி வண்டி நின்றது. துரை எங்கள் அம்மாவின் அண்ணன் மகன். வண்டியில் செங்கல்லும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு தாம்பரத்துக்கும் பள்ளிக்கரணைக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தான். அவனும் அன்றைக்குத் தேர்வுக்குப் போகிறான். இரண்டு பேரும் ஒன்றாக ஏரிக்கரையில் ஓடிப் பழகியவர்கள். பாயோடு தம்பியைத் தூக்கினார்கள், துரை ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். கால் முன்னால் போவதைக் கண்டதும் அப்பா நின்றார். அவர் சகுனம் பார்க்கிறவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர்.

"தலை முன்னால போகட்டும்," என்றார்.

பாயைத் திருப்பிப் பிடித்தார்கள். வண்டித் தட்டில் படுத்துக்கொண்டு எனக்குக் கையை ஆட்டினான். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். அன்றைக்குப் பள்ளி உண்டு. தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இது எண்பத்தெட்டில். எங்கள் காலனி செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில். காலனியில் பாதிப் பேர் என் கொள்ளுத் தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் எடுக்கவில்லை. மற்றபடி கிணறு ஒன்று, சுடுகாட்டுக்கும் கல்லறைக்கும் போகிற பாதை ஒன்று, ஊர்க்காரர்கள் எங்களைக் கூப்பிடுகிற பெயரும் ஒன்று. பெண் கொடுப்போம், எடுப்போம். காலமாகிவிட்ட எங்கள் அம்மா வந்தது அந்தப் பக்கத்திலிருந்து. ஆனால் சர்ட்டிபிகேட்டில் துரையின் வீடு எஸ்.சி., எங்கள் வீடு பி.சி. போலீஸ் தேர்வில் அவர்களுக்கு நூற்று அறுபத்தேழு சென்டிமீட்டர் உயரம் போதும். எங்களுக்கு நூற்றெழுபது வேண்டும். பழைய ஆட்கள் கணக்கில் ஐந்தடி ஏழு அங்குலம்.

ஏசுபாதம் துரையைவிட ஒரு விரல் உயரம். நூற்று அறுபத்தொன்பதரை.

"உங்க கொள்ளுத் தாத்தன் தலையில சர்ச்சு ஐயரு தண்ணி தெளிச்சாரு இல்ல, அப்பவே மூணு சென்டிமீட்டர் சுருங்கிப் போச்சு மச்சான். துணி மாதிரி," என்பான் துரை. ஏசுபாதமும் சிரிப்பான்.

முந்தின தேர்வில் அந்த அரை சென்டிமீட்டரில்தான் திருப்பி அனுப்பினார்கள். இந்த முறையோடு வயது வரம்பும் முடிகிறது. அவனுக்கு வேறு வேலை கிடைக்காமல் இல்லை. அப்பா வேலை பார்த்த குரோம்பேட்டை தோல் கம்பெனியிலேயே கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. அவன் சின்னப் பையனாக இருந்தபோது கம்பெனியில் ஏதோ காணாமல் போய், அப்பாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு அழைத்துப்போனார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லித் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். இவன் சாப்பாட்டுத் தூக்கோடு போய் அதைப் பார்த்துவிட்டான். வந்து யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பெரியவனான பிறகு ஒரு தரம் என்னிடம் சொன்னான்: "அக்கா, அந்த ரூம்ல நாலு நாற்காலி காலியா இருந்துச்சு."

சர்ட்டிபிகேட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லாதவர்கள் இல்லை. காலனியிலேயே சிலர் செய்திருந்தார்கள். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். துரை அப்பாவிடம் நேராகவே கேட்டான்.

"மாமா, ஏசுபாதம்னு பேர் வெச்சு மாட்டிகினீங்க. அது பரவால்ல. கோயில்ல போய் ஒரு பூஜை, ஒரு பேப்பர். ஞாயித்துக்கெழம நீங்க பாட்டுக்கு சர்ச்சுக்குப் போங்க. யார் கேக்கப் போறா?"

"கேட்டா?"

"கேட்டா இல்லன்னு சொல்றது."

"ஏசுவைத் தெரியுமான்னு கேட்டப்ப பேதுரு அப்படித்தான் இல்லன்னு சொன்னான். அப்புறம் அழுதான். அவனுக்கு அழுறதுக்கு வயசு இருந்துச்சு துரை. எனக்கு இல்ல."

ஏசுபாதம் அப்பாவை வற்புறுத்தவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவன், "வுடு மச்சான். அரை சென்டிமீட்டர் தானே, நானே வளர்த்துக்கிறேன்," என்றான். பள்ளிக்கூட மைதானத்துக் கம்பியில் தொங்கினான். ராகி தின்றான். இருபத்தைந்து வயதில் யார் வளர்கிறார்கள்?

அன்று நான் பள்ளியிலிருந்து திரும்பிய கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. ஏசுபாதம் தட்டின் மேல் நின்றுகொண்டு வந்தான், துரையின் தோளைப் பிடித்தபடி.

"நூத்தி எழுபது," என்றான். "ஓட்டமும் பாஸ்."

சரசு ஓடிவந்து சல்யூட் அடித்தாள். இடது கையால் அடித்தாள். "அந்தக் கை இல்ல சரசக்கா," என்று திருத்தினான். துரையும் பாஸாகியிருந்தான். நாளை மறுநாள் இருவருக்கும் கயிறு ஏறுகிற தேர்வு.

தலை வலிக்கிறது என்றான். வெயிலில் ஓடியதால் என்று நினைத்தேன். மைதானத்தில் ஒரு தரம் வாந்தி எடுத்தானாம். வீட்டிலும் எடுத்தான். ஜன்னலைச் சாத்தச் சொன்னான். அப்பா வேலை முடிந்து வந்ததும் தலையைத் தூக்காமலே, "நூத்தி எழுபதுப்பா," என்றான். அப்பா "அப்படியா" என்று கேட்டுவிட்டு அவன் கால்மாட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பாதத்தைப் பிடித்துவிட்டார். பிறகு அவன் தூங்கிவிட்டான். குறட்டை வேறு மாதிரி இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுப்பினேன். எழவில்லை. ஒரு கண்ணின் பாப்பா பெரிதாக இருந்தது.

அதே பாய், அதே வண்டி. தலை எந்தப் பக்கம் போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை.

முதலில் போன ஆஸ்பத்திரியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே உள்ளே கொண்டுபோன பிறகு துரை நடையில் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டான். காலையில் நடந்ததை அப்போதுதான் சொன்னான்.

ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் படுத்தபடி ஏசுபாதம் பாடிக்கொண்டே போயிருக்கிறான். பல்லாவரத்தில் லாரிக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, ஆஸ்பத்திரிக்கா?" என்றானாம். "கல்யாணத்துக்கு," என்றானாம் இவன். மைதானத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு டீக்கடைக்குப் பின்புறம், உயரம் குறைந்த பையன்களெல்லாம் கூடியிருந்தார்கள். உச்சந்தலையில் அடி வாங்கி வீங்கவைத்துக்கொள்வது அங்கே வழக்கமாம். செருப்பால் ஒருவன், ரூல்தடியால் ஒருவன், அடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்களாம். வீங்கிய தலையோடு பாஸானவன் பெயர் ஒன்றிரண்டும் சொன்னார்களாம். ஒருவன் டேப் வைத்திருந்தான். அதில் நிறுத்திப் பார்த்தபோது ஏசுபாதத்துக்கு ஒரு நூல் அளவு இன்னும் குறைந்தது. அத்தனை தூரம் படுத்து வந்தும்.

"வண்டிக்கு முட்டுக் குடுக்கிற கட்டை கீது இல்ல மாமா, அத்த துண்டுல சுத்தி அட்ச்சேன். மெதுவாத்தான் அட்ச்சேன். வீங்கல. இன்னொண்ணு போடு மச்சான்னான். போட்டேன். இன்னும் ஒண்ணுன்னான். கண்ணுல தண்ணி வந்துச்சு, ஆனா சிரிச்சுகினுதான் இருந்தான் மாமா. கம்பத்துல நிக்கும்போது மேல கட்டையை எறக்குனாங்க, நூத்தி எழுபதுன்னு கத்துனாங்க. என்னைத் திரும்பிப் பாத்தான்."

அப்பா அவனைக் காலிலிருந்து எழுப்பினார். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மாமா."

"சொல்லாதே."

ஏசுபாதம் மறுநாள் மத்தியானம் இறந்தான். ஒரு தரமும் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த போலீஸ்காரர் ஒரு மேஜையில் உட்கார்ந்து விவரம் எழுதினார். நடுத்தர வயது, கண்ணாடி போட்டவர். அப்பாவை எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. துரை சுவரோரம் நின்றான். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன்.

"எப்படி அடிபட்டுது?"

"கிணத்தடியில பாசி. வழுக்கி விழுந்துட்டான் சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கூட வேற யாராவது இருந்தாங்களா?"

"நான் மட்டுந்தான்."

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதற்கு முன்னால் இல்லை. வீட்டில் வட்டிக்காரன் வந்து கூப்பிட்டால்கூட "இருக்கேன், பணம்தான் இல்ல" என்று வெளியே வருகிறவர். கேட்டதற்கெல்லாம் உடனே பதில் சொன்னார், குரல் தடுமாறவில்லை. போலீஸ்காரர் எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து துரையைப் பார்த்து, "நாளைக்குக் கயிறு ஏறணும் இல்ல? வீட்டுக்குப் போய்த் தூங்கு," என்றார்.

"நான் போவல மாமா."

"போ."

தாம்பரத்தில் பெட்டி செய்கிறவர் வந்து அளந்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே "அஞ்சு ஏழு" என்றார்.

"சரியா பாருங்க," என்றார் அப்பா.

மறுபடி அளந்தார். "அஞ்சு ஏழுதாங்க. ஒரு நூல் கூடவே இருக்கு."

அடக்கம் நடந்த காலையில் துரை கயிறு ஏறிக்கொண்டிருந்தான். பாஸானான்.

பயிற்சிக்குப் போனவன் சில மாதம் கழித்து லீவில் வந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முகம் கருத்திருந்தது, தொப்பி வைக்கிற இடத்துக்கு மேல் மட்டும் நெற்றி வெளுப்பாகக் கோடு போட்ட மாதிரி இருந்தது. வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றான். அப்பாதான் உள்ளே கூப்பிட்டார். டீ கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயிற்சி எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்டார். காலையில் ஓட்டம், அப்புறம் கவாத்து, மத்தியானம் சட்ட வகுப்பு என்றான். உயரப்படி வரிசையில் நிறுத்துவார்கள், நெட்டையானவர்கள் ரெண்டு ஓரத்திலும் குட்டையானவர்கள் நடுவிலும், அவன் நட்டநடுவில். ஏசுபாதம் இருந்திருந்தால் தனக்கு ரெண்டு பேர் தள்ளி நின்றிருப்பான் என்றான். அப்புறம் டம்ளரைக் கையில் உருட்டினான்.

"மாமா, காயத்தைப் பத்திப் பாடம் எடுத்தாங்க. தொப்பி விளிம்புக்குக் கீழ அடிபட்டிருந்தா விழுந்திருக்கலாம். அதுக்கு மேல, உச்சியில பட்டிருந்தா, யாரோ அட்ச்சதுன்னுதான் மொதல்ல நெனைக்கணும். விழறவன் உச்சந்தலையில விழமாட்டான்னு சொல்லிக்குடுத்தாங்க." விரலால் தன் நெற்றியில் அந்தக் கோட்டின் மேலேயே சுற்றிக் காட்டினான். "எல்லா போலீசும் படிக்கிறது மாமா இது. அன்னிக்கு எழுதினாரே, அவருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்," என்றார் அப்பா.

துரை நிமிர்ந்து பார்த்தான்.

"எழுதுறதுக்கு முன்னாடி பேனாவை வெச்சுட்டு உன்னைப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்தார். அப்புறந்தான் எழுதினார்."

"இன்னா கேட்டார் மாமா?"

"ஒண்ணும் கேக்கல. கையெழுத்து வாங்கும்போது, வேற ஆம்பளப் புள்ள இருக்கான்னு மட்டும் கேட்டார்."

துரை டம்ளரைக் கீழே வைத்தான். அதில் பாதி டீ அப்படியே இருந்தது. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "அக்கா," என்றான். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவனோடு எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பாவோடும் அந்த விஷயத்தில் வரவில்லை. மகனுக்காகச் சொல்லாத பொய்யை மருமகனுக்காகச் சொன்னாரே என்று ஒரு நாள் கேட்கத்தான் நினைத்தேன். முன்னதைச் சொல்லியிருந்தால் பின்னது தேவைப்பட்டிருக்காது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கேட்கவில்லை.

பயிற்சி முடிந்த அணிவகுப்புக்கு அப்பா போனார். துரைக்கு அப்பா இல்லை. வீட்டுக்கு ஒரு பெரியவர் வரலாம் என்று சொல்லியிருந்தார்களாம். வெள்ளைச் சட்டையை நான்தான் இஸ்திரி போட்டேன். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"தூரத்துல இருந்து பாத்தா எல்லாரும் ஒரே உயரம்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கவில்லை. சபை ஐயர் வீட்டுக்கே வந்து கேட்டார். கண் சரியில்லை என்று அப்பா சொன்னார். கண் நன்றாகத்தான் இருந்தது; வீட்டில் பேப்பர் படிப்பார். கடைசி பெஞ்சில் உட்காருவார். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது இவர் மட்டும் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நான் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். எட்டு வருஷம் அப்படிப் போனேன். தொண்ணூற்றாறில் அவரும் போய்விட்டார். அழுது நான் பார்த்ததில்லை. அதற்கான வயது தனக்கு இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார்.

துரை இப்போது ஏட்டாக இருக்கிறான். வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தான், மகனுக்குக் காதுகுத்துக்கு வைத்தான். நான் போகவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பான், நான் கடந்துபோகிற வரைக்கும்.

போன மாதம் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வழியில் நிறுத்தினான். எங்கள் பக்கத்துப் பையன், எங்கள் சபை. போலீஸ் தேர்வுக்குப் போய் வந்திருந்தான்.

"உயரத்துல தள்ளிட்டாங்க டீச்சர். அளக்குற எடத்துல யார் தெரியுமா? நம்ம துரை ஏட்டு."

"என்ன செய்தார்?"

"கம்பத்துல நிக்க வெக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தன் தலையையும் தடவிப் பாக்குறாரு டீச்சர். முடிக்குள்ள விரல வுட்டு, உச்சியில மெதுவா அமுக்கி, வலிக்குதா, வலிக்குதான்னு கேக்குறாரு. பசங்கல்லாம் சிரிக்கிறானுங்க, பேன் பாக்குறாருன்னு. எனக்கு முன்னாடி ஒருத்தனுக்குக் கொஞ்சம் வீங்கியிருந்துச்சு. கண்டுபிடிச்சுட்டாரு. வரிசையில இருந்து வெளிய இழுத்துகினு போய், அறையப் போறாருன்னு பாத்தா, ஜீப்புல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாரு. அவன் அழுதுகினே போனான். அவனுக்கு இதான் கடைசி சான்ஸாம்."

"உனக்கு?"

"எனக்கு வீக்கம் கீக்கம் இல்ல. எந்த ஊருன்னாரு. செம்பாக்கம்னேன். எந்தப் பக்கம்னாரு. சர்ச்சுப் பக்கம்னேன். கொஞ்ச நேரம் தலையிலேயே கையை வெச்சுகினு நின்னாரு. அப்புறம் கட்டையை எறக்கி, நூத்தி அறுபத்தொம்பதுன்னு கத்திட்டாரு. நம்ம ஊர்க்காரர்தானே டீச்சர், ஒண்ணு ஏத்திப் போட்டா இன்னா?"

நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

"பரவால்ல டீச்சர். எனக்கு இன்னும் வயசு கீது. அடுத்த வாட்டி படுத்துகினே போலாம்னு இருக்கேன். அப்படிப் போனா அரை சென்டிமீட்டர் ஏறுமாமே?"

அவனிடம் எதைச் சொல்வது? உயரமான பையன்தான். பேசும்போது நான் தலையைத் தூக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. தலைமுடியை ஈரமாக வாரி நடு வகிடு எடுத்திருந்தான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

நேற்று பேப்பரில் அடுத்த தேர்வுக்கு அறிவிப்பு வந்திருந்தது. வயது வரம்பில் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். ஓட்டத்துக்கு நேரம் மாற்றியிருக்கிறார்கள். உயரம் அப்படியேதான். துரையின் பக்கத்துக்கு நூற்று அறுபத்தேழு. எங்கள் பக்கத்துக்கு நூற்றெழுபது.